கவுன்சிலர் அக்காவும் 'ஆல் பாஸ்' தீர்மானங்களும்

இதை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். இன்டர்னல், ரெக்கார்டு நோட்டு, சர்வே கேம்ப் என்று தள்ளிக்கொண்டே போய்விட்டது.

முதலில் ஒரு சின்ன டெஸ்ட். கூகுள் பார்க்காமல் பதில் சொல்லுங்கள். உங்கள் வீடு எத்தனையாவது வார்டு? உங்கள் கவுன்சிலர் பெயர் என்ன?

எங்கள் க்ளாஸில் பன்னிரண்டு பேரிடம் கேட்டுப் பார்த்தேன். வார்டு எண் தெரிந்தவர்கள் மூன்று பேர். கவுன்சிலர் பெயர் தெரிந்தவர்கள் ஐந்து பேர். அந்த ஐந்தில் இரண்டு பேர் சொன்னது கவுன்சிலரின் வீட்டுக்காரர் பெயர்! அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் வார்டிலும் அதே கதைதான்.

உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-ல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தினார்கள். அதன்படி எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டு, 2022 பிப்ரவரி 19-ல் நடந்த தேர்தலில் ஒரு அக்கா ஜெயித்தார். (ஊர் பெயரும் வேண்டாம், அக்கா பெயரும் வேண்டாம். பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார்கள், நான் தினமும் அந்த வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போக வேண்டும்.) வார்டுக்கு ஒரு வாட்ஸப் குரூப் உண்டு. அட்மின் யார்? வீட்டுக்காரர். போர்டில் இருக்கும் போன் நம்பர் யாருடையது? அதுவும் வீட்டுக்காரருடையது.

அந்த குரூப்பை நான் கிண்டல் செய்யப் போவதில்லை. "நாளை காலை 6 மணிக்கு மேற்குத் தெருவுக்குத் தண்ணீர் வரும்" என்ற ஒரு வரி எங்கள் அம்மாவுக்கு எந்தத் தலைப்புச் செய்தியைவிடவும் பெரிது. தெருவிளக்கு எரியவில்லை என்று போட்டோ போட்டால் இரண்டு மூன்று நாளில் ஆள் வருகிறார். கண் சிகிச்சை முகாம், தடுப்பூசி முகாம், யார் வீட்டில் துக்கம், கோயிலில் அன்னதானம் எல்லாம் வரும். தலைவர் பிறந்தநாள் என்றால் அன்றைக்கு மட்டும் நாற்பது போட்டோ வரும். அதையும் சகித்துக்கொள்ளலாம்.

நான் சொல்ல வருவது அதில் வராத ஒரு விஷயத்தைப் பற்றி.

2022 ஏப்ரலில் தமிழ்நாடு முழுக்க சொத்து வரி உயர்ந்தது ஞாபகம் இருக்கிறதா? நான் அப்போது ஸ்கூல். சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 சதவீதம், 1200 வரை 50, 1800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் உயர்வு. சென்னையின் பழைய பகுதிகளில் பெரிய வீடுகளுக்கு 150 வரை போனது. எங்கள் வீடு 900 சதுர அடி. அப்பா நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் திட்டினார். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் டிவியைப் பார்த்துத் திட்டினார்.

அரசு ஒரு காரணம் சொன்னது. பல வருடங்களாக வரி உயர்த்தவில்லை (சென்னையில் கடைசியாக 1998-ல், மற்ற ஊர்களில் 2008-ல்). வரியை உயர்த்தினால்தான் 15-வது நிதிக்குழு சிபாரிசு செய்த மத்திய மானியம் கிடைக்கும் என்று நிபந்தனை இருக்கிறது. இந்தக் காரணம் சரியா தவறா என்பது வேறு பதிவுக்கான சண்டை. ஆனால் அரசு அறிவித்தபிறகு அந்தந்த மாமன்றத்தில் தீர்மானம் வந்தது. எங்கள் அக்காவும் அந்த ஹாலில் உட்கார்ந்திருந்தார். அந்த வாரம் குரூப்பில் என்ன வந்தது என்று பின்னாளில் ஸ்க்ரோல் பண்ணிப் பார்த்தேன். ஒரு நீர்மோர்ப் பந்தல் திறப்பு. இரண்டு பிறந்தநாள். வரியைப் பற்றி ஒரு வரி இல்லை!

கவுன்சிலர் நமக்குச் சொல்வதெல்லாம் செய்து முடித்தவற்றைத்தான். முடிவெடுக்கப் போவதைச் சொல்வதில்லை, முடிவெடுக்கும்போது அவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதையும் சொல்வதில்லை. என்னைக் கேட்டால் அந்த இரண்டும்தான் செய்தி.

இது ஏதோ எங்கள் அக்காவின் தனிக் குணம் இல்லை. இந்த நாற்காலியே நம் ஊரில் பழக்கம் விட்டுப்போன நாற்காலி. சென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். 1688-ல் தொடங்கிய மாநகராட்சி, இந்தியாவிலேயே பழையது. ஆனால் 1973-ல் மன்றத்தைக் கலைத்தார்கள், மறுபடி தேர்தல் நடந்தது 1996-ல். 23 வருடம் கவுன்சிலரே கிடையாது! அப்புறம் 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தல் அறிவிக்கையை இடஒதுக்கீடு தொடர்பான வழக்கில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பழைய கவுன்சிலர்கள் அந்த மாதமே வீட்டுக்குப் போய்விட்டார்கள். அடுத்தவர்கள் வந்தது 2022 மார்ச்சில். இடையில் ஐந்து வருடத்துக்கும் மேல் தமிழ்நாட்டு நகரங்கள் எல்லாமே தனி அலுவலர்கள் கையில். 2015 வெள்ளத்துக்கு அப்புறம் வடிகால் வேலைகள், 2019 தண்ணீர்ப் பஞ்சம், கொரோனா... இதில் பெரும்பகுதி நேரம் கேள்வி கேட்க வார்டில் ஒரு ஆள் இல்லை. 2022 தேர்தலில் சென்னையில் ஓட்டுப் போட்டவர்கள் 44 சதவீதத்துக்கும் குறைவு. ஆச்சரியம் என்ன இருக்கிறது?

இன்னொன்று. என் அம்மாச்சி இருப்பது கிராமத்தில். அவருக்கு கிராம சபை உண்டு. 73-வது அரசியல் சட்டத் திருத்தத்திலேயே அந்தச் சபைக்கு இடம் இருக்கிறது. நகரத்துக்கான 74-வது திருத்தத்தில் (1993 ஜூனில் நடைமுறைக்கு வந்தது) அப்படி மக்கள் கூடும் சபை எதுவும் கிடையாது. மூன்று லட்சம் பேருக்கு மேல் உள்ள ஊரில் வார்டு குழுக்கள் வேண்டும் என்கிறது, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் 2010-ல் சட்டத்தைத் திருத்தி 'பகுதி சபை' என்று ஒன்றைச் சேர்த்தார்கள். அதற்கான விதிகள் வந்தது 2022-ல். பன்னிரண்டு வருடம்! நான் எல்.கே.ஜி. சேர்ந்து பத்தாவது எழுதும் காலம். அந்த வருடம் நவம்பர் 1, உள்ளாட்சி நாளில் முதல் பகுதி சபைகள் நடந்தன. அன்றைய முதல்வர் ஸ்டாலின் பம்மலில் நடந்த சபைக்குப் போனார். விதிப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். கவுன்சிலர்தான் தலைவர்.

எங்கள் வார்டில் 2024-ல் ஒரு சனிக்கிழமை நடந்த சபைக்கு அம்மாவோடு போனேன். அம்மா போனது சாக்கடைக்காக. நான் போனது, உண்மையைச் சொன்னால், அம்மா தனியாகப் போக மாட்டேன் என்றதால். சமுதாயக்கூடத்தில் முப்பது நாற்காலி, பதினெட்டு பேர், ஒரு தட்டில் பிஸ்கட். உதவிப் பொறியாளர் வந்திருந்தார். எல்லாரும் சாக்கடையைப் பற்றிப் பேசினார்கள். நியாயமான பேச்சுதான். கடைசியில் "வேறு யாராவது?" என்றார்கள். என்ன தைரியத்தில் எழுந்தேனோ தெரியவில்லை.

"அக்கா, சொத்து வரி தீர்மானம் வந்தப்ப நீங்க எப்படி ஓட்டுப் போட்டீங்க?"

வீட்டுக்காரர் பதில் சொல்ல வாய் திறந்தார். அக்கா கையைக் காட்டி நிறுத்திவிட்டு அவரே சொன்னார். "ஓட்டெல்லாம் எங்க தம்பி எடுத்தாங்க? எதிர்க்கட்சிக்காரங்க கத்துனாங்க, வெளிய போனாங்க. மத்ததெல்லாம் சேர்த்து ஆல் பாஸ்னாங்க. மேஜையைத் தட்டுனோம். முடிஞ்சுது."

கொஞ்சம் பேர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அஜெண்டா புத்தகம் கூட்டத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் வரும், அதில் எண்பது தொண்ணூறு பொருள் இருக்கும், படித்துப் புரிந்துகொள்ளவே நேரம் இருக்காது என்றார். என் சொந்தக் கருத்து: அன்றைக்கு வரைக்கும் அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதே இல்லை.

இந்த நேரத்தில்தான் என் அத்தை மகன் ஞாபகம் வந்தது. கலிஃபோர்னியாவில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறான். அவன் ஊர் கவுன்சில் மெம்பர் வாராவாரம் அனுப்பும் மெயிலை ஒருமுறை, "பாரு, இங்கேயும் குப்பை பிரச்சினைதான்" என்று எனக்கு அனுப்பியிருந்தான். தேடி எடுத்துப் படித்தேன். பாதி நம் குரூப் மாதிரியேதான் இருந்தது. நூலகம் எப்போது மூடும், எந்த ரோடு தோண்டப் போகிறார்கள், காணாமல் போன நாய். மீதிப் பாதியில் வித்தியாசம் இருந்தது. வருகிற செவ்வாய்க்கிழமை கவுன்சிலில் இன்னின்ன விஷயம் வருகிறது, இன்னார் வீட்டுக்கெல்லாம் இதனால் பாதிப்பு, வந்து பேசலாம் என்று ஒரு பத்தி. போன வாரம் இந்த விஷயத்தில் நான் எதிர்த்து ஓட்டுப் போட்டேன், தோற்றுவிட்டேன், காரணம் இது என்று இன்னொரு பத்தி.

அமெரிக்காக்காரன் ரொம்ப நல்லவன் என்று சொல்ல வரவில்லை. அந்த மெயிலுக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. பிரவுன் சட்டம் என்று பெயர், 1953-ல் கலிஃபோர்னியாவில் வந்தது. வழக்கமான கவுன்சில் கூட்டம் என்றால் 72 மணி நேரம் முன்பே அஜெண்டாவைப் பொதுவில் ஒட்ட வேண்டும். அவசரத்துக்கு சில விதிவிலக்குகள் தவிர, அதில் இல்லாத விஷயத்தில் முடிவெடுக்கக் கூடாது. 2014 முதல், ஒவ்வொரு உறுப்பினரும் எப்படி ஓட்டுப் போட்டார் என்பதையும் வெளியில் சொல்லியாக வேண்டும். ஆக, அந்த மெம்பர் எழுதாவிட்டாலும் விஷயம் வெளியில்தான் இருக்கும். அதனால் அவரே முந்திக்கொண்டு எழுதுகிறார்!

நம்மிடம் சட்டம் இல்லையா? இருக்கிறது. 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் யாரும் கேட்காமலேயே அலுவலகங்கள் வெளியிட வேண்டியவற்றுக்கு 4-வது பிரிவு என்று ஒன்று உண்டு. குழுக்கள், மன்றங்களின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவையா, நடவடிக்கைக் குறிப்புகளை மக்கள் பார்க்கலாமா என்று சொல்ல வேண்டும். மக்களைப் பாதிக்கும் முக்கியமான கொள்கையை வகுக்கும்போது அது சம்பந்தமான எல்லா உண்மைகளையும் வெளியிட வேண்டும். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் 72 மணி நேரம் என்று கடிகாரத்தைக் காட்டும் வரி அதில் இல்லை.

சரி, கதைக்கு வருகிறேன். பகுதி சபை முடிந்து வெளியே வரும்போது அக்காவிடம், "அந்த அஜெண்டாவை போட்டோ எடுத்து குரூப்ல போடுங்கக்கா, நாங்க படிச்சுச் சொல்றோம்" என்றேன். சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன். அடுத்த கூட்டத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு குரூப்பில் வரிசையாக போட்டோக்கள் வந்து விழுந்தன. சாய்ந்தும் சரிந்தும், ஒன்றில் அக்காவின் கட்டைவிரலும் சேர்ந்து, 31 பக்கம்.

படித்துப் பார்த்திருக்கிறீர்களா அந்த மொழியை? "மன்றத்தின் பார்வைக்கும் பதிவுக்கும்", "மேயரின் முன் அனுமதி பெற்று மேற்கொள்ளப்பட்ட பணிக்கு மன்றத்தின் பின்னேற்பு". அதாவது வேலையை முடித்துவிட்டார்கள், இப்போது தலையாட்ட வேண்டும். சிவில் படிப்பதால் எஸ்டிமேட் தொகைகளைப் பார்த்ததும் எனக்குக் கை அரித்தது, அதிலேயே மூழ்கிவிட்டேன். முக்கியமானதைக் கண்டுபிடித்தது நான் இல்லை. எங்கள் தெரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் சார். கடைவீதியில் வண்டி நிறுத்தக் கட்டணம் வசூலிக்கும் உரிமத்தை ஏலம் விடுவது என்று 22-வது பக்கத்தில் ஒரு பொருள் இருந்தது. பைக்குக்கும் உண்டு. அந்தக் கடைவீதியில் காய் விற்பவர்களில் பாதிப் பேர் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் மூட்டை கட்டிக்கொண்டு வருபவர்கள்.

காலையில் கடைக்காரர்கள் பத்துப் பேர் அக்கா வீட்டு வாசலில். என்னதான் பேசினார்களோ, அக்கா கூட்டத்தில் எழுந்து இரண்டு நிமிடம் பேசினார் என்று மறுநாள் பேப்பரில் ஒரு மூலையில் வந்தது. அந்தப் பொருளை அன்று ஒத்திவைத்தார்கள். அடுத்த கூட்டத்தில் நிறைவேறிவிட்டது. ஆனால் காலை 9 மணி வரை கட்டணம் கிடையாது என்று ஒரு வரி சேர்ந்திருந்தது. காய்க்காரர்கள் வண்டியை இறக்கிவிட்டுப் போகும் நேரம் அதுதான்.

பெரிய புரட்சி எல்லாம் இல்லை. ஒரே ஒரு வரி. ஆனால் எனக்குத் தெரிந்து எங்கள் வார்டு மக்கள் மாமன்றத் தீர்மானம் ஒன்றில் சேர்த்த ஒரே வரி அது.

அதற்கடுத்த கூட்டத்துக்கு போட்டோ வரவில்லை. ஹெட்மாஸ்டர் சார் குரூப்பில் கேட்டார். வீட்டுக்காரர், "சார், மேல கேக்கறாங்க, கொஞ்சம் பாத்துக்கங்க" என்று எழுதி கைகூப்பும் பொம்மை போட்டார். அதற்குக் கீழே குட் மார்னிங் ரோஜாப்பூ. மறுபடியும் தண்ணீர் நேரம், பிறந்தநாள், அன்னதானம்.

இதைச் சொன்னபோது என் ரூம்மேட் கேட்டான்: "கவுன்சிலருக்கு என்னடா பவர் இருக்கு? எல்லாம் கமிஷனர்தானே?" பாதி சரி. மாநகராட்சியில் நிர்வாக அதிகாரம் ஆணையாளரிடம்தான். வரி உயர்வு மாதிரி பெரிய முடிவுகள் கோட்டையிலிருந்தே வருகின்றன. கவுன்சிலருக்கு மாதச் சம்பளம் மாதிரி ஒன்று கிடைக்க ஆரம்பித்ததே 2023 ஜூலையிலிருந்துதான், மாநகராட்சி என்றால் 10,000 ரூபாய் மதிப்பூதியம். அதில் ஆபீஸ் வைத்து, ஆள் போட்டு, கடிதம் அச்சடித்து அனுப்ப முடியாதுதான். ஆனால் பவர் இல்லை என்பதும் ஒரு செய்தி இல்லையா? "இது மேலிருந்து வந்த உத்தரவு, மானியம் போய்விடும் என்கிறார்கள், எங்களால் தடுக்க முடியவில்லை" என்று 2022-ல் நான்கு வரி எழுதியிருந்தால் அப்பா டிவியைத் திட்டியிருக்க மாட்டார். யாரைத் திட்ட வேண்டுமோ சரியாக அவர்களைத் திட்டியிருப்பார். ஒருவேளை அதுதான் பயமோ என்னவோ!

இன்னொரு ஆட்சேபம் கொஞ்சம் கனமானது. கவுன்சிலர் எழுத ஆரம்பித்தால் அது கட்சி நோட்டீஸ் ஆகிவிடாதா? ஆகும். எல்லா ஊரிலும் ஆகியிருக்கிறது. இங்கிலாந்தில் மாநகர மன்றங்கள் சொந்தச் செலவில் பத்திரிகை அடித்துத் தங்களையே புகழ்ந்துகொள்வதாகப் புகார் கிளம்பி, 2011-ல் ஒரு நெறிமுறை கொண்டுவந்தார்கள். பெரிய மன்றங்கள் வருடத்துக்கு நான்கு முறைக்கு மேல் செய்தி மடல் போடக் கூடாது. ஒரு கட்சிக்கு ஆதரவு சேர்க்கும் விதமாக மன்றம் எதையும் வெளியிடக் கூடாது என்பது அங்கே 1986-லிருந்தே சட்டம். நம் ஊரில் யாரும் அஜெண்டா பக்கத்தைப் போட்டு ஓட்டுச் சேர்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பிரச்சாரம் ஆவது பிறந்தநாள் போட்டோக்கள்தான். அஜெண்டா காய்ந்த காகிதம், அதில் தலைவர் படம் ஒட்ட இடம் கிடையாது.

அதனால் எனக்கு அக்கா மேல் கோபம் இல்லை. தன் கட்டைவிரலோடு சேர்த்து 31 பக்கம் போட்டோ எடுத்துப் போட்டவர் அவர். ஒரு கவுன்சிலரின் நல்ல மனசை நம்பி இருக்கும்வரை 'மேல' இருப்பவர்கள் ஒரு போன் செய்தால் போதும், நிறுத்திவிடலாம். அஜெண்டாவை மாநகராட்சியே மூன்று நாள் முன்னால் இணையத்திலும் வார்டு அலுவலக வாசலிலும் போட வேண்டும், தீர்மானத்தில் யார் ஆதரவு யார் எதிர்ப்பு என்று பெயரோடு பதிய வேண்டும் என்று விதியில் இரண்டு வரி சேர்த்துவிட்டால், அக்கா யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. ஏற்கெனவே வெளியில் இருப்பதைத்தானே ஃபார்வர்ட் செய்யப் போகிறார்.

போன வாரம் குரூப்பில், அடுத்த பகுதி சபை எப்போது என்று கேட்டேன். வீட்டுக்காரர் பார்த்தார், பதில் போடவில்லை. ராத்திரி தெரியாத நம்பரிலிருந்து தனியாக ஒரு மெசேஜ் வந்தது. "தம்பி, தேதி சொல்றேன். அன்னிக்கு மாதிரி வாயால கேட்காதே. பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. எழுதிக் குடுத்தாதான் மினிட்ஸ்ல ஏறும்." கீழே அக்கா பெயர் இருந்தது.

எழுதி வைத்திருக்கிறேன். ஹெட்மாஸ்டர் சார் இரண்டு சந்திப்பிழை திருத்திக் கையெழுத்துப் போட்டார். அம்மா போட்டாள். காய்க்காரர்களில் ஏழு பேர் போட்டிருக்கிறார்கள். அப்பா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.